தொடக்கப் புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னேற்றம்?

இங்கிலாந்தில் 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு முடிந்ததும், கணிசமான மாணவர்கள் ஏ-லெவலுக்குப் பதிலாகப் பீடெக் (BTEC) போன்ற தொழில்சார் படிப்புகளில் சேர்கிறார்கள். பொறியியல், வணிகம், உடல்நலப் பராமரிப்பு எனப் பல துறைகள் அவற்றில் உண்டு. பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன், அதற்கும் மேல் டிஸ்டிங்ஷன் ஸ்டார் என்று தரம் வழங்கப்படும்.

இந்தத் தரங்களை மட்டும் வைத்துக் கல்லூரிகளை ஒப்பிடுவது அநீதி. ஜிசிஎஸ்இயில் சராசரி 4 எடுத்தவர் மெரிட் பெறுவதும், சராசரி 7 எடுத்தவர் அதே மெரிட் பெறுவதும் ஒன்றல்ல. அதனால்தான் ‘கூடுதல் மதிப்பு’ என்ற கணக்கு வந்தது. ஒரு மாணவரின் ஜிசிஎஸ்இ சராசரியைப் போன்ற சராசரி உள்ளவர்கள், நாடு முழுவதும் அதே வகைப் படிப்பில் பொதுவாக என்ன பெற்றார்கள் என்று பார்க்கப்படும். அந்த எதிர்பார்ப்புக்கும் அவர் பெற்றதற்கும் உள்ள வேறுபாடே அவருடைய கூடுதல் மதிப்பு. கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் சராசரி எடுத்தால் கல்லூரியின் மதிப்பெண் கிடைக்கும். பூஜ்யம் என்றால் தேசிய சராசரி. நேர்மறை என்றால் அதைவிட மேல்.

பத்துப் பேர் மட்டும் படிக்கும் பிரிவில் ஓரிருவரின் முடிவே எண்ணைப் புரட்டிவிடும். ஆகவே அந்த எண் எவ்வளவு மாறக்கூடும் என்று காட்டும் நம்பக வரம்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒப்பீட்டு ஆண்டும் முக்கியம். 2020, 2021இல் கொரோனாவால் தேர்வுகள் ரத்தாகி, ஆசிரியர்களின் மதிப்பீட்டில் ஜிசிஎஸ்இ தரங்கள் உயர்ந்தன. அந்த மாணவர்களைப் பழைய ஆண்டுகளின் அளவுகோலில் வைத்தால், எதிர்பார்ப்பு மிகையாகி, அவர்கள் பின்தங்கியதாகத் தவறாகத் தோன்றும்.