பேச்சும் விழுங்குதலும்: காத்திருக்க வேண்டாம்

பேசுவதும் விழுங்குவதும் நாம் எண்ணிப் பாராமலே செய்யும் செயல்கள். அவை தடைப்படும்போதுதான் அவற்றின் அருமை விளங்குகிறது. இத்தடைகள் பலவற்றிற்குச் சிகிச்சை உண்டு. ஆயினும், "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருந்து பல குடும்பங்கள் பொன்னான காலத்தை இழந்துவிடுகின்றன.

குழந்தையின் பேச்சு

18 மாதமாகியும் ஒரு சொல்லேனும் பேசாத குழந்தைக்கும், 2 வயதாகியும் இரு சொற்களை இணைத்துச் சொல்லாத குழந்தைக்கும் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். நாவில் வசம்பு தேய்ப்பது இதற்கு மருந்தாகாது.

மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம் பெற்றோரிடம், "வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், குழந்தை குழம்புகிறது" என்று சிலர் அறிவுறுத்துவதுண்டு. இது தவறு. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. உண்மையான குறைபாடு எனில், அது குழந்தை அறிந்த எல்லா மொழிகளிலும் தென்படும். பெற்றோருக்குச் சரளமாக வரும் மொழியில் குழந்தையோடு நிறையப் பேசுவதே நல்லது.

திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதிற்குள் தொடங்குகிறது. பலருக்கு அது நீங்கிவிடும். சில மாதங்கள் நீடித்தால் பேச்சுப் பயிற்சியாளரை அணுகுங்கள். குழந்தையை அதட்டாமல், சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.

குரல்

ஆசிரியர், வியாபாரி, பாடகர், பிரசங்கியார் ஆகியோர் ஓயாமல் உரக்கப் பேசுவதால் குரல்நாண்களில் காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுகள் தோன்றலாம். குரலுக்கு ஓய்வு, போதிய தண்ணீர், முறையான குரல் பயிற்சி ஆகியவற்றால் இவை பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்றியே குணமாகும். ஆனால் கரகரப்பு 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். தொண்டைப் புற்றுநோயின் தொடக்க அறிகுறியும் அதுவாக இருக்கக்கூடும்.

விழுங்குதல்

திடீரென வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதுவரை வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

பக்கவாதத்திற்குப் பின், குடிக்கும்போது இருமலும், உண்டபின் நீர் கோத்த குரலும் ஏற்பட்டால், உணவு மூச்சுக்குழலுக்குள் செல்கிறது என்று ஐயுற வேண்டும். இதனால் நிமோனியா வரலாம். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாக ஊட்டுங்கள். எவ்வளவு கெட்டியான உணவு தகும் என்பதைப் பயிற்சியாளர் சோதித்துச் சொல்வார். பேச்சை இழந்தவர் அறிவை இழந்தவர் அல்லர். அவரைக் குழந்தையைப்போல் நடத்தாதீர்கள்.

எங்கே செல்வது?

மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனமும், மும்பை பாந்திராவில் 1983-இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையில் பெயர்பெற்ற அரசு நிறுவனங்கள். வேறிடத்தில் சிகிச்சை பெறுவோர், பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறியுங்கள்.

பயிற்சியாளரோடு கழிவது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டாரின் கையில் உள்ளது. அன்றாடம் தவறாமல் செய்யும் சிறு பயிற்சியே பலன் தரும்.