பெருங்களத்தூர் காருக்கு லெ மானில் ஓர் உறவு

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையின் பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து வண்டலூரை எட்டுவதற்குள் ஐ.டி. நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டிடங்கள் கண்ணில் படும். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் கார்கள் பிறந்துகொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1961 முதல் அங்கிருந்து வெளிவந்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்று. கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஹெரால்டு. மூன்றில் கடைக்குட்டி ஹெரால்டுதான். ஆரம்பத்தில் அதன் எஞ்சின் வெறும் 948 சி.சி. மற்ற இரண்டும் ஊரெல்லாம் டாக்சியாகவும் அரசாங்க வண்டியாகவும் ஓடியபோது, ஹெரால்டு அதை விரும்பி வாங்கியவர்களின் வீட்டு வாசலில் மட்டும் நின்றது. அந்தச் சின்னக் காரின் தம்பி ஒருவன், உலகின் மிகக் கடுமையான கார் பந்தயம் ஒன்றில் தன் வகுப்பை ஜெயித்தவன் என்பது ஜி.எஸ்.டி. சாலைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஹெரால்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி. அங்கே இதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு, பிறந்த ஆண்டு 1959. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. மற்ற கார்கள் உடம்பும் சட்டமும் ஒன்றாகவே வரும் கட்டுமானத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், இது மட்டும் தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்திருந்தது. பழைய பாணிதான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. மேலே இருக்கும் உடம்பைக் கழற்றிவிட்டு வேறு உடம்பை மாட்டலாம். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுக்க, மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். பந்தயத்தில் இதன் அருமை, நடுவே வண்டியைச் சரிசெய்யும் இடமான பிட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

அதே சேஸிஸைக் குறுக்கி, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக 1962இல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதன் எஞ்சின் 1147 சி.சி., சாலையில் ஓடும் வண்டிக்கு 63 குதிரைத்திறன். பெருங்களத்தூர் ஹெரால்டின் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1964இல் டிரையம்ஃப் கம்பெனி மூன்று ஸ்பிட்ஃபயர்களைத் தயார் செய்து பிரான்ஸுக்கு அனுப்பியது. மேலே சாய்வான கூரை, அலுமினியத் தகடு, கடைந்து முறுக்கேற்றி 100 குதிரைத்திறனை ஒட்டி வந்துவிட்ட எஞ்சின். போன இடம் லெ மான், 24 மணி நேரப் பந்தயம்.

லெ மானில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாதி பொதுச் சாலையும் பாதி பந்தயத் தடமுமாக ஒரு சுற்று பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு மாலை வரை ஓட வேண்டும். 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போகிறாரோ அவருக்கு வெற்றி. ஒரே தடத்தில் ராட்சத எஞ்சின்களும் ஆயிரம் சி.சி. பொடியன்களும் சேர்ந்தே ஓடும். எஞ்சின் அளவுக்கு ஏற்ப வகுப்புகள் உண்டு என்பதால் பெரியவனோடு ஓடினாலும் சின்னவனின் போட்டி தன் வகுப்புக்குள்தான்.

முதல் வருடம் மூன்றில் இரண்டு விபத்தில் போயின. மிச்சமிருந்த ஒன்று 21ஆவது இடத்தில் முடித்தது, வகுப்பில் மூன்றாவது.

மறு வருடம் நான்கு கார்களோடு திரும்பி வந்தார்கள். 1965 ஜூன் 19, 20. அந்த வருடத்து லெ மானை ஃபோர்டுக்கும் ஃபெராரிக்கும் நடந்த யுத்தமாகத்தான் எல்லோரும் எழுதுவார்கள். ஃபோர்டு ஏழு லிட்டர் எஞ்சினோடு வந்தது. ஏழு லிட்டர் என்றால் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினைப் போல ஆறு எஞ்சின்களை ஒன்றாகக் கட்டியது போல! அந்த ஃபோர்டுகள் ஒன்றுகூட முடிக்கவில்லை. ஃபெராரி தொழிற்சாலையே நேரடியாக இறக்கிய புதிய கார்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன. கடைசியில் ஜெயித்தது ஒரு தனியார் அணி கொண்டுவந்த, சற்றே பழசான ஃபெராரி 250 எல்எம். ஓட்டியவர்கள் யோகன் ரிண்ட், மாஸ்டன் கிரிகரி.

சுமார் ஐம்பது கார்கள் கிளம்பியதில் கொடி விழுந்தபோது கணக்கில் நின்றவை 14. அதில் பதின்மூன்றாவதும் பதினான்காவதும் ஸ்பிட்ஃபயர்கள். பட்டியலின் கடைசி இரண்டு வரிகள். ஆனால் 1150 சி.சி. வகுப்பில் அவைதான் முதலும் இரண்டும். ஸ்விட்சர்லாந்தின் ஜான் ஜாக் துனெர், பின்லாந்தின் சிமோ லாம்பினென் இருவரும் ஓட்டிய கார் வகுப்பில் முதலிடம். இருவருமே ராலி ஓட்டிப் பழகியவர்கள். வண்டியை உடைக்காமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் கலை அவர்களுக்குக் கைவந்தது.

பலவீனமான காரை இப்படிப்பட்ட பந்தயத்தில் ஓட்டுவது எப்படி இருக்கும்? முதலில் அது முன்கண்ணாடியைவிடப் பின்பார்வைக் கண்ணாடியை அதிகம் பார்க்கும் வேலை. லெ மானின் நீண்ட நேர்சாலை அப்போது சுமார் ஆறு கிலோமீட்டர். சின்னக் கார் அங்கே மணிக்கு 200 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பெரிய கார் 300ஐத் தாண்டும். வித்தியாசம் நூறு என்று வைத்தாலே, அரை கிலோமீட்டர் பின்னால் தெரிந்த விளக்கு பதினெட்டு நொடியில் பக்கத்தில் வந்துவிடும். ராத்திரியில் அது வெறும் இரண்டு வெளிச்சப் புள்ளி. எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்பதை அந்தப் புள்ளி பெரிதாகும் விதத்தை வைத்துக் கணிக்க வேண்டும்.

அப்போது புதியவர்கள் செய்யும் தப்பு, மரியாதையாக வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்குவது. பின்னால் வருகிறவன் அதே பக்கமாக ஏற்கெனவே முடிவெடுத்துத் திரும்பியிருப்பான். பின்னால் வேகமான கார் வருகிறது என்று நீலக்கொடி காட்டினாலும் சின்னக் காரின் ஓட்டுநர் தன் கோட்டிலேயே நிற்க வேண்டும். எங்கே முந்துவது என்று தேர்ந்தெடுப்பது வேகமாக வருகிறவன் பொறுப்பு. ஜி.எஸ்.டி. சாலையில் வேகமாக வரும் பஸ்ஸுக்கு முன்னால் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் இது புரியும். ஆடாமல் நேராகப் போகிற சைக்கிள்காரர்தான் பத்திரமாகப் போவார்.

இரண்டாவது, அவசரப்படாமல் இருப்பது. இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு தடத்தில் வேகமான கார் சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பது நொடியும், சின்னக் கார் இரண்டு நிமிடம் ஐந்து நொடியும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்குப் பதினைந்து நொடி பின்தங்கல். பெரிய கார் ஏதோ கோளாறில் ஐந்து நிமிடம் பிட்டில் நின்றால், சின்னவன் இருபது சுற்றில் இழந்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். ஒரு மணி நேரம் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டால் பிறகு கேட்கவே வேண்டாம். எடை குறைந்த காருக்கு பிரேக் கட்டை சீக்கிரம் தேயாது, டயர் அதிக நேரம் தாங்கும், பெட்ரோலுக்காக நிற்கும் தடவையும் குறையும். சின்னவனுக்கு மூலதனம் இவைதான். இதைத் தொலைக்காமல் ஓட்டத் தெரிந்தவரே இந்தப் பந்தயத்தில் நல்ல ஓட்டுநர். எஞ்சினின் சுழற்சியைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோகாமல் சற்று முன்னதாகவே கியர் மாற்றுவார். தடத்தின் ஓரக் கட்டையில் சக்கரத்தை ஏற்ற மாட்டார்.

ஹெரால்டு குடும்பத்துக்கு ஒரு குறையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஊஞ்சல் போல ஆடும் அச்சில், குறுக்காகப் போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங்கில் நின்றன. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பயந்தால்தான் ஆபத்து! வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனபின் காலை நிதானமாக அழுத்தியே வைத்திருக்க வேண்டும். இந்த அமைப்பின் மேல் நம் ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஹெரால்டுக்குப் பின் 1972இல் இங்கே வந்த ஸ்டாண்டர்டு கஸெலுக்குச் சாதாரண ஒற்றை அச்சையே பொருத்தினார்கள். அதேபோல நான்கு கதவு வைத்த ஹெரால்டு உலகில் வேறெங்கும் கிடையாது, இந்தியாவில் மட்டும்தான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கதவு போதுமா?

சென்னையிலும் இந்த வண்டிகள் பந்தயம் ஓடின. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்துக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் என்று வீட்டில் நிற்கும் வண்டிகளின் கூடுதல் பாரத்தைக் கழற்றிவிட்டு அங்கே கொண்டுபோவார்கள். பிறகு அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் ஒன்றை அமைத்தது. 1990இல் திறந்த அந்தத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. தாம்பரத்துக்காரர்கள் வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறி, நசரத்பேட்டையில் இறங்கி, பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் போய்விடலாம்.

அந்தத் தடத்தில் வளர்ந்த தலைமுறையைச் சின்ன எஞ்சின்தான் வளர்த்தது. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்று மலிவாக ஒரு வகையை உருவாக்கினார். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனது இந்தியப் பந்தய உலகுக்கு ஈடுகட்ட முடியாத இழப்பு. நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓடியது ஃபார்முலா மாருதி காரில்தான்.

லெ மானில் ஓடும் முதல் இந்தியர் என்ற பெயர் 2009இல் நரேனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. கோலஸ் என்ற தனியார் அணியின் பழைய ஆடி ஆர்10 கார். தகுதிச் சுற்றெல்லாம் முடிந்து, பந்தயம் தொடங்கும் வேளையில் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்மூட்டு விலகிவிட்டது. மூன்று பேர் பங்கிட வேண்டிய 24 மணி நேரத்தை மீதி இரண்டு பேரே ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆந்த்ரே லாட்டரர். பின்னாளில் மூன்று முறை லெ மானை வென்றவர்.

2012 ஜூனில் அந்தப் பெயர் சென்னையின் கருண் சந்தோக்குக்குக் கிடைத்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன். ஜேஆர்எம் என்ற பிரிட்டிஷ் தனியார் அணி, 3.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுள்ள ஹோண்டா கார். எதிரே ஆடியின் நான்கு டீசல் கார்கள், அவற்றில் இரண்டு ஹைப்ரிட். டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்கள் வேறு. ஒரு சுற்றின் வேகத்தில் ஜேஆர்எம் அவற்றின் பக்கத்தில்கூட வர முடியாது. கூட ஓட்டியவர்கள் டேவிட் பிராபமும் பீட்டர் டம்பிரெக்கும். பிராபம் 2009இல் இதே பந்தயத்தை வென்றவர். டம்பிரெக் 1999இல் இதே தடத்தில் மெர்சிடஸ் காரோடு ஆகாயத்தில் கரணம் அடித்து மரங்களுக்கிடையே விழுந்தும் உயிர் பிழைத்தவர். டொயோட்டா இரண்டும் வழியிலேயே நின்றுபோயின. நான்கு ஆடிகளுக்கும் ஒரு ரெபெல்லியன் காருக்கும் அடுத்து, ஆறாவது இடத்தில் இந்த மூவரும் முடித்தார்கள். சென்னைக்காரர் ஒருவர் பெருமையாக நினைத்துக்கொள்ள வேண்டிய ஆறாவது இடம் அது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தின்போது தமிழ்நாடே இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது. பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதியது. தன் பெயரிலேயே அமைந்த அணியின் காரை அவர் பந்தயத்தில் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வேகம் குறைந்த ஜிடி4 வகுப்பில் வேறொரு அணியின் காரை ஓட்டினார். அவருடைய அணி தன் வகுப்பில் மூன்றாவது வந்தது. எல்லோரும் கொண்டாடியது கோப்பையை. 24 மணி நேரப் பந்தயம் தெரிந்தவர்கள் முதலில் மெச்சுவது, அந்த விட்டுக்கொடுத்த முடிவைத்தான்.

பெருங்களத்தூர் தொழிற்சாலை 1980களின் கடைசியில் மூடப்பட்டது. ஆனால் அதே சாலையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கிறது. 1949இல் தொடங்கியபோதே ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங் சொல்லிக்கொடுத்த கல்லூரி அது. அங்கிருந்து காட்டாங்கொளத்தூர் வரை பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. இப்படிப்பட்ட கல்லூரிகளின் மாணவர்கள் தாங்களே வெல்டிங் செய்து கட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார்களுக்கும் ஒரு நெடுந்தூரப் போட்டி உண்டு. நம் பக்கத்தில் அது நடப்பது கோயம்புத்தூரில், கரிவரதன் பெயர் தாங்கிய காரி மோட்டார் ஸ்பீட்வேயில். தூரம் 22 கிலோமீட்டர்தான், கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பாதி தூரத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் ஓட்டுநர் இறங்கி இன்னொருவர் ஏற வேண்டும். பிறகு அந்தக் கொதிக்கும் எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும். ஒரு வருடம் முழுக்கத் தூங்காமல் கட்டிய காரைச் சுற்றி, தொடக்கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, சேர்த்த கைகளோடு இருபது பிள்ளைகள் அந்த ஸ்டார்ட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.