கொய்யாக் கூடையும் ஏ.ஆர். சீட்டும்

வாசலில் சட்டம் – 11

பழநியில் சாமி கும்பிட்டுவிட்டு மதுரைக்குக் கிளம்பும் கேரள வண்டிகள் ஆயக்குடியில் ஒரு நிமிடம் ஓரங்கட்டும். எல்லாம் கொய்யாவுக்காக. இரண்டு வருடத்துக்கு முன் அப்படி இறங்கிய ஒரு பாலக்காட்டுப் பெரியவர், பேரம் முடிந்து பையோடு சாலையைக் கடக்கும்போது பைக் ஒன்று தட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. கூடைக்கார அக்கா தன் தலைச்சுமாட்டுத் துணியை உதறி இறுக்கிக் கட்டினார். வந்த ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, முதலில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

“காப்பீட்டு அட்டை இருக்காண்ணே? இல்லைன்னா இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டணும். ஆக்ஸிடென்ட் கேஸ் வேற, ஏ.ஆர். போடணும். பேசாம ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்களேன்” என்றான் கவுன்டரில் இருந்த தம்பி.

அவன் கெட்டவன் இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஆனால் அட்டை, அட்வான்ஸ், ஏ.ஆர். மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. கடைசியிலிருந்து வருகிறேன்.

விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் ‘ஏ.ஆர். போடுவது’ என்கிறார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவரை கார் இடித்துத் தள்ள, அருகிலிருந்த மருத்துவமனை அவரைச் சேர்க்கவில்லை. போலீஸ் கேஸ் பார்க்க அனுமதியுள்ள மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போங்கள் என்றது. வழியிலேயே உயிர் போய்விட்டது. அது பத்திரிகையில் செய்தியாக வர, அதை இணைத்து பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், காகித வேலை பிறகு.

அட்வான்ஸுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு 1994-ல் திருத்தப்பட்டது. காயத்தோடு வருகிறவருக்கு எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது பணியிலுள்ள மருத்துவரின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளும் தப்ப முடியாது. 1992-ல் மேற்கு வங்கத்தின் மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று அலையவிட்டன. 1996-ல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது.

இனி அட்டை. இங்கேதான் விஷயம் கனக்கிறது.

கடமை என்று எழுதிவிட்டால் போதுமா, பில்லை யார் கட்டுவது? ராஜஸ்தான் 2023-ல் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது தனியார் மருத்துவர்கள் இதைக் கேட்டுத்தான் தெருவில் இறங்கினார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. தமிழ்நாடு அதற்கு முன்பே ஒரு பதில் வைத்திருந்தது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். அட்டை வேண்டாம். நம் பாலக்காட்டுப் பெரியவருக்கும் அது பொருந்தும்.

கவுன்டர் ஏன் அப்படியும் அட்டையையே முதலில் கேட்கிறது? அட்டை பணம் என்பதால். பணம் என்பதாலேயே அதில் கைவைக்கிறவர்களும் உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்து 2023-ல் சி.ஏ.ஜி. தந்த அறிக்கையைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் ஏழரை லட்சம் பேர். (அந்த எண்ணை வைத்துப் பயனாளியை அடையாளம் காண்பதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. சரி. ஆனால் சிகிச்சை நடந்ததாக வரும் குறுஞ்செய்தி யாருக்குப் போயிருக்கும்?) தமிழ்நாட்டில் வெறும் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இறந்துவிட்டதாகக் கணினியில் ஏறிய 3,446 பேரின் ‘சிகிச்சை’க்கு 6.97 கோடி ரூபாய் போயிருந்தது. 2024 நவம்பரில் குஜராத்தில் இன்னும் மோசம்: போரிசணா கிராமத்தில் இலவச முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப் போய், ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைத்ததில் இருவர் இறந்தார்கள். போலீஸ் வழக்கு பதிவானது.

அரசுப் பணம்தானே என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் என்பது வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான். பொய்யாக ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் எடுத்தால், அதே வருடம் அந்த வீட்டில் நிஜமாக நெஞ்சைப் பிடிக்கிறவருக்குத் தொகை குறைந்திருக்கும். மோசடியும் அவசரச் சிகிச்சையும் வேறு வேறு அத்தியாயம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அமெரிக்கர்கள் இரண்டையும் பணத்தில் கட்டிப்போட்டார்கள். மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் பணம் வாங்கும் மருத்துவமனை, அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பரிசோதித்து உயிராபத்து நீங்கும்வரை பார்த்தாக வேண்டும் என்கிறது 1986-ம் ஆண்டுச் சட்டம். பொய்ப் பில்லுக்கு, உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கு விற்றவர்களைப் பிடிக்க 1863-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் இன்றும் பாய்கிறது. காட்டிக்கொடுக்கும் ஊழியருக்கு, மீட்ட பணத்தில் பங்கும் உண்டு. நம் கவுன்டர் தம்பி பொய்ப் பில்லைப் பார்த்தால் வேலைக்குப் பயந்து வாய் திறக்க மாட்டான்.

பெரியவரை அன்றே சேர்த்துக்கொண்டார்கள். சட்டம் பேசி அல்ல. ஆட்டோக்காரர், “அட்டை கெடக்கட்டும்ண்ணே, கால மொதல்ல பாருங்க!” என்று போட்ட சத்தத்தில் டியூட்டி டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

போன வாரம் ஆயக்குடி வழியாகப் போனேன். அக்கா அடையாளம் கண்டுகொண்டு ஒரு கொய்யாவை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவித் தந்தார். இந்தத் தொடர் பற்றிச் சொன்னதும் சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

“ஏன் தம்பி, போன வருசம் ஒரு முகாம்னு கூப்ட்டாங்க. அட்டைய வாங்கி, மிசின்ல வெரல வைக்கச் சொன்னாங்க. ஊசிகூடப் போடல. எதுக்கு அது?”

அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டேன். அவர் பெயரில் ஏதாவது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். மனுவில் அவரே கையெழுத்திட்டார். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

(தொடரும்)