கம்பியூட்டர் எழும்பி எழும்பி விழுகிறதா? அவசரப்பட வேண்டாம்!

பிள்ளையின் படிப்புக்கு என்று, பேர் போட்டுச் சேர்த்த காசில் ஒரு பழைய கம்பியூட்டரை வாங்கி காம்பராவில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் இருக்கின்றன. ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் திரையில் வெளிச்சம் வருகிறது, பட்டென்று இருண்டுபோய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பத்துத் தடவை போட்டாலும் இதே கதைதான். வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கிவிடும். "போர்டு போயிருச்சு, வேற வாங்கணும்" என்று யாராவது சொல்லியும் விடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இப்படி விழுந்து எழும்பும் கம்பியூட்டர் எல்லாம் செத்துப்போன கம்பியூட்டர் அல்ல. முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அது எந்த இடத்தில் விழுகிறது? விண்டோஸ் சின்னம் தெரியும் முன்பே விழுந்தால் கரண்ட், சூடு, உள்ளே உள்ள பாகங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சின்னம் தெரிந்த பிறகு விழுந்தால், பெரும்பாலும் உள்ளே பதிந்துள்ள புரோகிராமில்தான் கோளாறு.

1. கரண்டைப் பாருங்கள்

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்பியூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட் என்று குறைத்துக் கொடுக்கிறது. கண் இமைக்கும் நேரம் அது தடுமாறினாலும் மெஷின் விழுந்துவிடும். ஒரே பிளக்கில் வயர் இழுத்து கேத்தல், அயன், டீவி எல்லாம் மாட்டியிருந்தால் இது நடக்கக்கூடியதே.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கம்பியூட்டரை மட்டும் சுவர் பிளக்கில் நேராக மாட்டிப் பாருங்கள். பிரிண்டர், பென் டிரைவ் போன்றவற்றையும் கழற்றிவிடுங்கள். இப்போது ஒழுங்காக எழும்பினால், ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, அங்கேதான் வில்லங்கம்.

கவனம்! பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

2. தூசியும் சூடும்

விறகு அடுப்புப் புகையும் தூசியும் சேர்ந்து, உள்ளே இருக்கும் காற்றாடியில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். காற்றாடி சரியாகச் சுற்றாவிட்டால் மெஷினின் மூளையான புரொசசர் கொதிக்கும். வெப்பம் சுமார் 100 பாகை செல்சியஸை எட்டும்போது, கருகிப் போகாமல் இருக்க அது தானாகவே நின்றுவிடும். ஆறியிருக்கும்போது எழும்பி, சில நிமிடத்தில் விழுந்தால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். காற்றாடி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

பிறகு பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, மெமரி அட்டையைக் கழற்றித் திருப்பி அழுத்தி மாட்டுங்கள். இரண்டு அட்டை இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். அட்டை கொஞ்சம் இளகியிருந்தாலும் கம்பியூட்டர் எழும்பாது. இதற்குப் பத்துச் சதமும் செலவில்லை.

3. விண்டோஸ் சின்னத்துக்குப் பிறகு விழுந்தால்

கோளாறு வந்ததும் தானாகவே மறுபடி தொடங்கும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் பிழையைச் சொல்லும் திரை வாசிக்கும் முன்பே மறைந்து போகிறது.

விண்டோஸ் 10, 11 என்றால், சின்னம் தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் திருத்தும் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போங்கள். இலக்கம் போட்ட பட்டியல் ஒன்று வரும். 9ஐ அழுத்தினால் பிழையைச் சொல்லும் திரை நிலைத்து நிற்கும். அதிலுள்ள எழுத்தை எழுதிக்கொள்ளலாம். 4ஐ அழுத்தினால் 'சேஃப் மோட்' என்ற நிலையில் அவசியமானவற்றோடு மட்டும் கம்பியூட்டர் எழும்பும். பழைய விண்டோஸ் 7 என்றால், சுவிட்ச் போட்டவுடன் எஃப் 8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

சேஃப் மோடில் எழும்பினால் முதல் வேலை, பிள்ளையின் பாடக்குறிப்பு, படங்களை பென் டிரைவில் எடுப்பது. அதற்குப் பிறகுதான் கடைசியாகப் போட்ட புரோகிராமை நீக்கிப் பார்க்க வேண்டும்.

இது ஏதோ ஏழை வீட்டுக் கம்பியூட்டருக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கம்பியூட்டர்கள் இதே மாதிரி விழுந்து எழும்பின. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரி வேலைகள் தடைப்பட்டன. ஆனால் அந்த மெஷின்கள் பழுதாகவில்லை. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்ததும் எழும்பிவிட்டன.

4. கடைக்குக் கொண்டு போகும் முன்

மேலே சொன்னவை பலிக்காவிட்டால், தெரிந்த பாஸிடம்தான் காட்ட வேண்டும். ஆனால் வாய் திறந்து மூன்று விஷயம் சொல்லுங்கள்:

• "முதல்ல உள்ளே இருக்கிற கோப்புகளை எடுத்துத் தாங்க. கேட்காம போர்மெட் பண்ண வேண்டாம்." போர்மெட் செய்தால் பிள்ளை எழுதி வைத்ததெல்லாம் துடைத்துப் போகும்.
• "எந்தப் பாகம் பழுது, என்ன விலை என்று சொல்லிட்டு வேலை செய்யுங்க."
• "கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தாங்க."

உள்ளே இருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் போகப் பார்க்கிறது என்று அர்த்தம். போடப் போட உள்ளே இருப்பது அழியும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. கம்பியூட்டர் நன்றாக இருக்கும்போதே பிள்ளையின் வேலைகளை ஒரு பென் டிரைவில் எடுத்துத் தனியாக வையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள். மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். பரீட்சைக்கு முதல் நாள் தொலைந்த பாடக்குறிப்பை எந்தக் கடையில் வாங்குவது?