வானத்துப் புகையைப் படம் பிடித்த டாக்டர்!

கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்பார். ஒரு மின்னல், வேலை முடிந்தது! ஆனால் அமெரிக்காவில் ஒரு டாக்டர், ஒரே படத்துக்காகச் சுமார் 50 நிமிடம் பிளேட்டைத் திறந்து வைத்துக் காத்துக் கிடந்தார்.

அவர் பெயர் ஹென்றி டிரேப்பர். பகலில் நியூயார்க்கில் பேராசிரியர் வேலை. ராத்திரியில், ஹட்சன் ஆற்றங்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் தானே கட்டிய ஆராய்ச்சிக்கூடம்.

அவர் மனைவி அன்னா, பெரிய பணக்கார வீட்டுப் பெண். 1867-ல் கல்யாணம். கையோடு இருவரும் கடைவீதிக்குப் போனார்கள். நகை வாங்க அல்ல, 28 அங்குல டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி வாங்க! அதுதான் தங்கள் தேனிலவு என்று பிறகு சொல்லிக்கொள்வார்களாம்.

மூணு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்

மார்கழி, தை ராத்திரிகளில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, பார்த்திருப்பீர்கள். அதற்குச் சற்றுத் தெற்கே, தெருவிளக்கு இல்லாத இடத்தில், புகை மாதிரி ஒரு திட்டு தெரியும். அதுதான் ஒரையன் நெபுலா. வாயுவும் தூசியும் கலந்த மேகம். உள்ளே இருக்கும் இளம் நட்சத்திரங்களின் கதிர் பட்டு ஒளிர்கிறது. அந்த வெளிச்சம் இங்கே வந்து சேர சுமார் 1,300 வருஷம் ஆகும்!

அதுவரை வானியல் நிபுணர்கள் டெலஸ்கோப்பில் பார்த்துக் கையால்தான் வரைந்தார்கள். ஆளுக்கொரு மாதிரி இருந்தது. மேகம் மாறுகிறதா, வரைந்தவர் கைதான் மாறுகிறதா? யாருக்கும் தெரியவில்லை. போட்டோ இருந்தால் சண்டை தீரும்.

கண் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. பிளேட் அப்படியல்ல. ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வைத்த குடம் மாதிரி சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்.

ஆனால் பூமி சுற்றுகிறதே! டெலஸ்கோப்பும் கடிகார யந்திரத்தால் கூடவே நகரணும். பலமாகக் காற்றடித்தாலும் போச்சு. நட்சத்திரம் கோடாக இழுபட்டுவிடும்.

1880 செப்டம்பர் 30-ல் படம் கிடைத்தது. உலகில் நெபுலாவின் முதல் போட்டோ அதுதான். டாக்டர் விடவில்லை. 1882 மார்ச் 14-ல் 137 நிமிடம் காத்திருந்து இன்னும் தெளிவாக எடுத்தார்.

திடீர் மரணம்

அந்த வருஷமே ராக்கி மலைக்கு வேட்டைக்குப் போனவர் கடும் குளிரில் மாட்டிக்கொண்டார். நவம்பர் 20-ல் மரணம். வயது 45தான். இரண்டே மாதத்தில், லண்டன் அருகே காமன் என்பவர் அதே நெபுலாவை எடுத்தார். கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்கள் அதில் விழுந்திருந்தன. டிரேப்பர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அன்னா ஓய்ந்துவிடவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தார், கணவர் பெயரில் நட்சத்திரப் பட்டியல் தயாரிக்க. 1918 முதல் 1924 வரை 9 தொகுதிகள் வந்தன. 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல் நட்சத்திரங்கள்! இன்றைக்கும் விஞ்ஞானிகள் பல நட்சத்திரங்களை "எச்.டி." என்று நம்பர் போட்டுச் சொல்கிறார்களே, அது ஹென்றி டிரேப்பர்தான்.

முதல் தொகுதி அச்சாகி வந்தபோது அன்னாவும் இல்லை. 1914-லேயே காலமாகிவிட்டார்.