பாட்டன் சைக்கிளைவிட்டு இறங்கிய மண்ணில் ஒரு நாள் பயணம்



அமெரிக்க நாட்டின் தென்மேற்கே, நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் பாலைநிலம் பரந்து கிடக்கிறது. அங்கே மக்கள் குடும்பம் குடும்பமாக வீட்டு வண்டியில் பயணம் போகிறார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே உண்டு. அவர்கள் விரும்பிப் போகும் வழிகளுள் ஒன்று 66ஆம் எண் நெடுஞ்சாலை. 1926இல் ஏற்பட்ட அந்தச் சாலை 1985இல் அரசாங்கப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மக்கள் அதை மறக்கவில்லை. ஏன் தெரியுமா? 1930களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் வாழ்விழந்த குடியானவர்கள், பிழைப்புத் தேடி மேற்கே போன சாலை அது. பாட்டன் போன வழியைப் பேரன் பார்க்கப் போகிறான்.

"நமக்கு ஏது ஐயா வீட்டு வண்டி?" என்று கேட்கிறீர்களா? ஒரு வாடகை வேன் போதும். கட்டுச்சோறும் நெத்திலிச் சம்பலும், பிளாஸ்கில் தேநீரும், உட்கார இரண்டு பாயும் இருந்தால் அதுவே நம் வீட்டு வண்டி. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். தாத்தா பாட்டியை மட்டும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். இந்தப் பயணத்துக்கு அவர்கள்தாம் வழிகாட்டிகள்!

செங்கல் சூளையில் தொடக்கம்

காலை ஏழு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டுப் புறப்படுவோம். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழும்ப வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்ட களம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்ட தமிழ்த் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் இங்கே குடியேறினார்கள். அவர்கள் வாழ்ந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. ரயில் பெட்டிகளைக் கோத்த பழைய யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. 2010இல் இவ்வட்டாரம் லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைக்கப்பட்டது. வளைவையும் வண்ண விளக்கையும் காட்டும்போது, அந்தச் செங்கல்லின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மறைந்த தோட்டங்களின் வரிசை

இனிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போவோம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். வேனில் பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிவிடாதபடி ஒரு விளையாட்டு வையுங்கள். "இந்தப் பட்டணம் முன்பு எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள்.

பெட்டாலிங் ஜெயா? 1950களில் எபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்த நகரம். சுபாங் ஜெயா? சீபீல்ட் தோட்டம். 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம்? அது சுங்கை ரெங்கம் தோட்டம். தூரத்தில் தெரிகிற நீலப் பள்ளிவாசல் 1988இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று கார்கள் நெரிந்து நிற்கும் இந்த வழியில் அன்று விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூடியது, பால்வாளி குலுங்கியது.

வகுப்பில் நான் பிள்ளைகளைக் கேட்பதுண்டு: "உன் பாட்டி எந்தத் தோட்டத்தில் மரம் சீவினார்?" பெரும்பாலோர் விழிக்கிறார்கள். பெயர்ப்பலகை போன பின் தோட்டத்தின் பெயர் பெரியவர்களின் நாவில் மட்டுமே இருக்கிறது. அந்த நாவும் ஓய்ந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பாலத்தின் கீழ்த்தட்டில்

கிள்ளானில் ஆற்றங்கரையோரம் வேனை நிறுத்துங்கள். 1886இல் கோலாலம்பூரிலிருந்து போட்ட ரயில்பாதை முதலில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த புக்கிட் கூடாவோடு நின்றது. ரயில் ஆற்றைக் கடக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் பார்க்கப் போவது அந்தப் பாலம் அல்ல. 1961இல் திறக்கப்பட்ட கோத்தா பாலம். இதற்கு இரண்டு தட்டுகள். மேல்தட்டை மோட்டார் வாகனங்களுக்காகக் கட்டினார்கள். கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்று கட்டினார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கீழ்த்தட்டில் நடந்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதனும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல் — இவையெல்லாம் அவர்கள் கேட்டவை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்!

சிந்தித்துப் பாருங்கள். சைக்கிள் அவன் உழைத்து வாங்கியது. மிதிப்பதும் அவன் கால்தான். ஆனாலும் துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும். கூலி உயர்வு வயிற்றுக்கு. இந்தக் கோரிக்கையோ மானத்துக்கு. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தனர். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆனால் கேட்ட கேள்வியை யாராலும் ஒடுக்க முடியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து இதே கிள்ளானில், சைக்கிளோட்டி தலைநிமிர்ந்து போகத் தனித் தட்டோடு ஒரு பாலம் எழுந்தது.

மோரிப் மணலில்

கிள்ளானிலிருந்து தெற்கே தெலுக் பங்லிமா காராங் வழியாகப் போனால் கேரித் தீவுக்குப் பாலம் உண்டு. கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய அத்தீவில், கண்ணுக்கெட்டியவரை செம்பனைதான். முகமூடி செதுக்குவதில் கைதேர்ந்த மா மெரி பூர்வகுடி மக்களின் கிராமமும் அங்கே இருக்கிறது. திரும்பி வந்து பந்திங்கைத் தாண்டினால் மோரிப் கடற்கரை. ஜப்பானியர் சரணடைந்த பின், 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கிய கரை இது. நினைவுக்கல்லும் இருக்கிறது.

மர நிழலில் பாயை விரியுங்கள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரியுங்கள். உண்ட பிறகு பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதட்டும்: தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், கோயில் எந்தப் பக்கம், ஆயாக்கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார், தோட்டம் விற்கப்பட்டபோது எங்கே போனார்கள்? பாட்டி முதலில், "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ?" என்பார். விடாதீர்கள். ஒரு கோப்பைத் தேநீரை ஊற்றிக் கொடுத்து மறுபடியும் கேளுங்கள். அப்புறம் அவர் பேச்சை நிறுத்துவதுதான் கடினம்!

பொழுது சாய வேன் வீடு திரும்பும். பிள்ளைகள் மடியில் தூங்கிப்போவார்கள். பைக்குள் அந்த நோட்டுப் புத்தகம் இருக்கும். நம் பாட்டன்மார் நமக்குத் தோட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எழுதி வைக்க அது அவர்களுடையதாகவும் இருந்ததில்லை. ஆனால் அதன் பெயரையாவது நாம் எழுதி வைக்கலாம் அல்லவா?