மூணு நிமிஷம்... அப்புறம் இலை அவுட்!

கேன்டீன்ல போய் "அண்ணே, நாலு டீ... ஒண்ணு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை கம்மி"ன்னு குரல் கொடுத்துட்டு, டேபிளைத் தட்டித் தாளம் போடுற கோஷ்டியா நீங்க? அப்படின்னா டீபாட்டை நீங்க சினிமாவுலதான் பார்த்திருப்பீங்க. பங்களா வீட்டு அப்பா நைட் கவுனோட பேப்பர் படிப்பார், வேலைக்காரர் டிரேயில பீங்கான் ஜாடி மாதிரி ஒண்ணைப் பணிவா கொண்டுவந்து வைப்பார். அதுதான்!

கடை கடையா அலுமினிய கெட்டில்ல டீ கொண்டுபோறாங்களே, அது டீபாட் கணக்குல வராது. அதுக்குள்ள இருக்கிறது ஏற்கெனவே போட்டு முடிச்ச டீ. கெட்டிலோட வேலை தண்ணியைக் கொதிக்க வைக்கிறது, இல்லன்னா டீயைச் சுமக்கிறது. டீபாட் அப்படியில்ல. இலையும் வெந்நீரும் அதுக்குள்ளதான் சந்திக்கும், டீ அங்கேதான் உருவாகும்.

ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிற நம்ம ஊர்ல இந்த ஐட்டம் ஏன் பரவல? காரணம் சிம்பிள். நாம குடிக்கிறது இலை இல்ல, தூள். 1930-ல அஸ்ஸாம்ல மெக்கர்ச்சர்னு ஒருத்தர் இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டித் தள்ளுற ஒரு மெஷினைக் கொண்டு வந்தார். அதுதான் சி.டி.சி. அதுல வர்ற குருணையும் டஸ்ட்டும் வெந்நீர் பட்ட சில விநாடியிலேயே கலரையும் காரத்தையும் கக்கிடும். பாய்லர் அண்ணன் துணி வடிகட்டியில வெந்நீரை ஊத்தினதும் டிகாஷன் இறங்குதே, அந்த மேஜிக் இதுதான். இதே டஸ்ட்டை டீபாட்டுல போட்டுப் பாருங்க. அடியில சேறு மாதிரி படிஞ்சு மூக்கை அடைச்சுக்கும்! டீபாட் முழு இலைக்குன்னே பிறந்த பாத்திரம்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த முழு இலை நம்ம நீலகிரியிலேயே விளையுது. மெஷின்ல கிழிக்காம சுருட்டிப் பதப்படுத்துற அந்த ரகத்துக்கு ‘ஆர்த்தடாக்ஸ்’னு பேர். டிசம்பர், ஜனவரி பனியில பறிக்கிற நீலகிரி இலைக்கு வெளிநாட்டுல தனி ரசிகர் கூட்டமே இருக்கு. ஊட்டிக்கு டூர் போற நாமளோ, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அதே பால் டீயைக் குடிச்சுட்டு வர்க்கியோட திரும்பிடறோம்!

பேரரசர் போட்ட ஆர்டர்

சரி, டீபாட்டைக் கண்டுபிடிச்சது யாரு? சீனாதான், வேற யாரு! ஆனா டீயோட வயசை ஒப்பிட்டா டீபாட் ரொம்ப லேட். அங்கே பல நூறு வருஷம் இலையை இடிச்சுக் கட்டியாக்கி, அப்புறம் பொடி பண்ணி, கிண்ணத்துலேயே வெந்நீர் விட்டு நுரைக்க நுரைக்க அடிச்சுக் குடிச்சாங்க. பொடியோடவே உள்ளே போயிடும். பிரிச்சு எடுக்க எதுவும் இல்ல. 1391-ல மிங் பேரரசர் ஹோங்வு, "கட்டித் தேயிலையெல்லாம் எனக்குக் காணிக்கையா வேண்டாம், இலையாவே அனுப்புங்க"ன்னு உத்தரவு போட்டார். கட்டி பண்றதுல ஜனங்க படுற பாடு அவருக்குத் தெரியும். ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளையா பிறந்தவர் அவர். அதுக்கப்புறம் உதிரி இலைதான் வழக்கமாச்சு. கூடவே ஒரு பிரச்னையும் வந்தது: ஊறின இலையைக் கப்புக்குள்ள விழாம நிறுத்தி வைக்கறது எப்படி?

அதுக்கு வந்த முதல் பெரிய பதில், ஜியாங்சு மாகாணத்துல தாய் ஏரிக்குப் பக்கத்துல இருக்கிற யீஷிங் ஊரோட மண் பாட். ‘ஸிஷா’ன்னு அந்த மண்ணுக்குப் பேர். ஊதா மணல்னு அர்த்தம். மேலே பளபளன்னு கிளேஸ் பூச மாட்டாங்க. நம்ம மண்பானை மாதிரியே நுண்துளைகள் இருக்கும். ஆனா பானையை விட அழுத்தமா, கெட்டியா இருக்கும்.

கையில எடுத்தா ‘இவ்வளவு குட்டியா?’ன்னு தோணும். பல பாட்கள் ஒரு டம்ளர் கூடக் கொள்ளாது. அங்கேதான் விஷயமே! பாட்டுல பாதிக்கு இலை, மேலே கொதிநீர், சில விநாடி, உடனே மொத்தத்தையும் வடிச்சுடணும். மறுபடி தண்ணி, மறுபடி வடிப்பு. ஒரே இலை ஏழெட்டு ரவுண்டு வரும், ஒவ்வொரு ரவுண்டும் ஒவ்வொரு ருசி. பாட் சின்னதா இருந்தாதான் சட்டுனு காலியாகும். காலியானாதான் இலை ஊறறது நிக்கும்.

டீபாட்டோட சூட்சுமம் இவ்வளவுதாங்க. டீ போட எந்தச் சட்டியும் போதும், நிறுத்தறதுக்குத்தான் பாட் வேணும். இலை தண்ணியில இருக்க இருக்க டானின் இறங்கிக்கிட்டே போகும். முதல்ல மணம், அப்புறம் திடம், கடைசியில நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. எந்த இடத்துல பிரேக் போடறோம்கிறதுதான் மேட்டர்.

யீஷிங் ரசிகர்கள் இருக்காங்களே... அடேயப்பா! ஒரு பாட்டுல ஒரே வகை டீதான் போடுவாங்க. சோப்பு படவே கூடாது, வெந்நீர்ல அலசிக் காய வைக்கறதோட சரி. வருஷக்கணக்குல டீயைக் குடிச்சுக் குடிச்சு மண்ணே மினுமினுப்பாயிடும். பாட்டியோட தோசைக்கல்லை யாரும் விம் போட்டுத் தேய்க்க விட மாட்டாங்களே, அதே பாசம்தான். பழகின பாட்டுல வெறும் வெந்நீர் ஊத்தினாலே டீ வரும்னும் சொல்லுவாங்க. அதைக் கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிடுங்க!

இந்த மோகத்துலதான் ஏமாத்தும் நுழைஞ்சுது. சாதாரண மண்ணுல ரசாயன நிறம் கலந்து ‘ஒரிஜினல் ஸிஷா’ன்னு விக்கிறதை 2010-ல சீன அரசுத் தொலைக்காட்சியே அம்பலப்படுத்துச்சு. ‘ஐந்நூறு ரூபாய்க்கு அசல் யீஷிங்’னு ஆன்லைன்ல பார்த்தா அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. அந்தக் காசுக்கு ரெண்டு பாக்கெட் நல்ல இலை வரும்.

ஜப்பான்காரங்க பாட் வேற ஸ்டைல். ‘க்யூசு’ன்னு பேர். டோகோநாமே ஊர்ல செய்ற செம்மண் க்யூசு ரொம்ப பிரபலம். கைப்பிடி பின்பக்கம் இருக்காது, மூக்குக்குச் செங்குத்தா பக்கவாட்டுல, நம்ம கரண்டிக் காம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். கட்டைவிரலால மூடியை அழுத்திக்கிட்டு மணிக்கட்டை லேசா திருப்பினாப் போதும், கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கிடும். க்ரீன் டீக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: அதுக்கு 70 டிகிரி சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டு "க்ரீன் டீ கசக்குது மச்சி"ன்னு இலை மேல பழி போடாதீங்க.

கப்பல்ல கவிழாத பாட்!

சீனத் தேயிலையோட யீஷிங் பாட்டும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போச்சு. அதைப் பார்த்துச் செய்யப்போய், இங்கிலாந்தோட ஸ்டாஃபோர்ட்ஷயர் செம்மண்ணுல பிறந்த பரம்பரைதான் ‘பிரவுன் பெட்டி’. குண்டா, காபி கலர்ல, அலங்காரமே இல்லாம இருக்கும். உருண்டை வயித்துக்குள்ள இலை சுத்திச் சுழல இடம் கிடைக்கும், கறை படிஞ்சாலும் வெளியே தெரியாது, விலையும் குறைச்சல். தொழிலாளி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்த பாட் இது. 2018-ல இயன் மெக்கின்டயர்ங்கிற டிசைனர், உருவத்தைக் கெடுக்காம இதைப் புதுப்பிச்சார். சாய்ச்சாலும் விழாத மூடி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற வசதி, உள்ளே கழட்டி எடுக்குற வடிகட்டிக் கூடை.

அந்தக் கூடைதான் முக்கியம். ஏன்னா இங்கிலீஷ்காரங்க பாட் பெரிசு. முதல் கப் அமிர்தமா இருக்கும். இலை உள்ளேயே ஊறிக்கிட்டு இருக்கறதால, ரெண்டாவது கப் கஷாயம்! இதுக்கு டன்டொனால்ட் பிரபு 1900-களோட தொடக்கத்துல ஒரு வேடிக்கையான தீர்வு சொன்னார். பாட்டுக்குள்ள மேல்பக்கமா ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதுல இலை. பாட்டை மல்லாக்கப் படுக்க வெச்சா இலை தண்ணியில முங்கும். ஊறினதும் நிமிர்த்தி வெச்சா இலை மேலே, டீ கீழே. வெட்ஜ்வுட் கம்பெனி இதைத் தயாரிச்சு வித்துச்சு. இன்னொருத்தர் மூக்கையும் பிடியையும் உள்ளடக்கி, சதுர டப்பா மாதிரியே ஒரு பாட் செஞ்சார். அலையில ஆடுற கப்பல்ல வழுக்கிக் கவிழாதுன்னு ‘குயின் மேரி’ மாதிரி பெரிய கப்பல்கள்ல எல்லாம் அது ஏறிடுச்சு.

இன்னிக்கு வர்ற பாட்களும் இதே பாட்டைத்தான் வேற ராகத்துல பாடுது. பிரெவில் மெஷின்ல, நேரம் முடிஞ்சதும் இலைக்கூடை தானா மேலே ஏறிடும். இன்னொரு வகையை கப்பு மேல வெச்சா, அடியில வால்வு திறந்து டீ மட்டும் இறங்கும். கண்ணாடி பாட் அழகுதான், இலை விரியறதை வேடிக்கை பார்க்கலாம். ஆனா சீக்கிரம் ஆறிடும், கறையும் பளிச்னு காட்டிக்கொடுக்கும்.

பாட்டுல ஊத்தும்போது மூக்கு வழியா வழிஞ்சு டேபிள் நனையுமே, அதுக்கு இயற்பியல்ல ‘டீபாட் விளைவு’ன்னு பேரே இருக்கு. இஸ்ரேல் விஞ்ஞானி மார்க்கஸ் ரைனர் 1956-ல வெச்ச பேர். மெதுவா ஊத்தினா திரவம் மூக்கோட அடிப்பக்கத்தை ஒட்டிக்கிட்டே கீழே இறங்கும். இதை ஆராய்ஞ்ச கெல்லர், வாண்டன்-ப்ரூக் ரெண்டு பேருக்கும் 1999-ல ‘இக் நோபல்’ பரிசு கிடைச்சது. அதே வருஷம், பிஸ்கட்டை டீயில முக்கறது எப்படின்னு ஆராய்ஞ்சவருக்கும் ஒண்ணு! 2021-ல வியன்னா விஞ்ஞானிகள் இதுக்கு முழு கணக்கே போட்டுட்டாங்க. நமக்கு வேண்டியது ஒரே வரிதான்: மூக்கு நுனி மெல்லிசா, கூரா இருக்கணும், தயங்காம ஊத்தணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு ஒரு கொசுறு. 1975-ல யூட்டா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் நியூவெல்ங்கிற ஆராய்ச்சி மாணவர், 3டி-யில வரைய என்ன பொருள் எடுக்கலாம்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தப்போ, "நம்ம டீ செட்டையே வரையேன்"னு யோசனை சொன்னவங்க அவர் மனைவி. கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர்கள்ல இன்னிக்கும் எட்டிப் பார்க்குதே அந்த டீபாட், அது அவங்க வீட்டுது! அசல் பாட் கலிபோர்னியாவுல கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியத்துல இருக்கு.

கடையில நின்னு டெஸ்ட் பண்ணுங்க

வாங்கணும்னு ஆசை வந்துடுச்சா? வெட்கப்படாம கடையிலேயே தண்ணி கேளுங்க. மூக்கு நுனி, மூடி விளிம்புக்குக் கீழே இருந்தா வேண்டாம். பாட் நிறையறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா வழிஞ்சுடும். மூடியில குட்டி ஓட்டை இருக்கும். சாய்ச்சு ஊத்தும்போது அதை விரலால அடைச்சுப் பாருங்க. ஊத்தறது நின்னா, மூடி கச்சிதம். அப்புறம், உங்க கை உள்ளே நுழையுமா? நுழையாதுன்னா கழுவறது பெரும்பாடு. ஒருத்தர், ரெண்டு பேருக்கு அரை லிட்டருக்குள்ள, கூடை போட்ட சாதா பீங்கான் பாட் போதும். என் ஓட்டு அதுக்குத்தான்.

காசே இல்லையா? கவலைய விடுங்க. குன்னூர்ல தேயிலைக்குத் தரம் பார்க்கிறவங்க முன்னாடி இருக்கிற பாத்திரத்தைப் பார்த்தா உங்களுக்குத் தெம்பு வந்துடும். மூடி போட்ட வெள்ளைக் கப், விளிம்புல ரம்பம் மாதிரி சின்னப் பல் வரிசை. ஊறினதும் கிண்ணத்து மேல சாய்ச்சு வெச்சா, பல் இடுக்கு வழியா டீ இறங்கும், இலை உள்ளேயே நின்னுடும். லட்சக்கணக்குல விலை பேசற வியாபாரத்துக்கே இவ்வளவு சிம்பிள் பாத்திரம்தான்!

ஹாஸ்டல் ரூம்ல அதே வேலையை ரெண்டு எவர்சில்வர் டம்ளரும் ஒரு வடிகட்டியும் செய்யும். முதல் டம்ளரை வெந்நீர்ல ஒரு தடவை அலசிச் சூடாக்குங்க. ஒரு டீஸ்பூன் நீலகிரி முழு இலை. கொதிநீர் ஊத்தி, மேலே ஒரு தட்டு மூடி, செல்போன்ல மூணு நிமிஷம் அலாரம். அடிச்சதும் ரெண்டாவது டம்ளர்ல மொத்தமா வடிச்சுடுங்க. இலையைத் தூக்கிப் போடாதீங்க, இன்னொரு ரவுண்டு தாங்கும். அதுக்கு நாலு நிமிஷம் கொடுங்க. முதல் ரெண்டு வாயையாவது அப்படியே குடிச்சுப் பாருங்க.

"பால் ஊத்தலாமா?"ன்னு பின் பெஞ்ச்சுல ஒரு குரல் கேட்குது. ஊத்திக்கோங்க பாஸ், உங்க டீ... ஆனா வடிச்சப்புறம்!